வங்கக் கடல் படிவில் பழைய பருவமழையைத் தேட: எந்தச் சான்றுக்கு முதலில் பணம் போடுவது?

கையில் இருப்பது 5 மீட்டர் நீளக் கிராவிட்டி கோர் ஒன்று, அதாவது சொந்த எடையால் கடலடியில் இறங்கும் குழாயில் எடுத்த வண்டல் தண்டு. மகாநதிக்கோ கோதாவரிக்கோ வெளியே, கண்டச் சரிவில், 1,000 முதல் 1,500 மீட்டர் நீராழத்தில் எடுத்தது. நீளவாக்கில் பிளந்து ஒரு பாதியை ஆவணமாக மூடி வைத்துவிட்டால், மற்றப் பாதியில் 10 செ.மீ. விட்டத்துக்கு, 1 செ.மீ. தடிமனுள்ள துண்டு ஒவ்வொன்றிலும் உலர்ந்த எடையில் சுமார் 25 கிராம் தேறும். ஆயிரம் ஆண்டுக்கு 25 செ.மீ. வீதம் வண்டல் படிந்த இடமென்றால் கடைசிப் பனியுக உச்சத்திலிருந்து இன்றுவரை 20,000 ஆண்டு அந்தத் தண்டுக்குள் இருக்கிறது. எல்லாச் சோதனையையும் செய்துவிடலாமே என்றால் மண்ணும் போதாது, பணமும் போதாது, ஓர் ஆராய்ச்சி மாணவருக்குக் கிடைக்கும் நான்கைந்து ஆண்டும் போதாது. வரிசை போட்டுத்தான் ஆகவேண்டும்.

அந்த வரிசையில் பலரும் சறுக்குவது முதல் படியிலேயே. பருவமழை என்ற ஒரே சொல்லுக்குள் காற்றும் இருக்கிறது, மழையும் இருக்கிறது, ஆற்று வெள்ளமும் இருக்கிறது. ஒவ்வொரு சான்றும் இவற்றில் ஏதோ ஒன்றைத்தான் காட்டும்.

காற்றைக் காட்டும் சான்று

அரபிக் கடல் ஆய்வுகளின் செல்லப்பிள்ளை குளோபிஜெரினா புல்லாய்டிஸ். சுண்ணாம்பு ஓடு கட்டி மேல்நீரில் மிதக்கும் ஃபொராமினிஃபெரா என்ற ஒருசெல் உயிர்களில் ஓர் இனம். கோடையில் தென்மேற்குக் காற்று ஓமான் கரையோரம் வீசும்போது மேல்நீர் விலகி, ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து மிக்க நீர் மேலே வருகிறது. அப்போது இந்த இனம் பல்கிப் பெருகுகிறது. படிவில் அதன் சதவீதம் கூடினால் காற்று வலுத்தது என்று பொருள். 1987-இல் கடலடியைத் துளைக்கும் பன்னாட்டுத் திட்டமான ஓ.டி.பி.யின் 117-ஆம் பயணத்தில் ஓமான் சரிவில் துளைத்த 723-ஆம் தளத்தில் இதே எண்ணிக்கையைக் கொண்டுதான் பனியுகம் முடிந்தபின் வந்த ஹோலோசீன் காலத்தின் கோடைக் காற்றின் ஏற்ற இறக்கத்தை வட அட்லாண்டிக்கின் குளிர்ச் சம்பவங்களோடு பொருத்திக் காட்டினார்கள்.

இதன் பெரிய வசதி, செலவே இல்லை என்பது. 63 மைக்ரான் சல்லடை, ஒரு ஸ்டீரியோ மைக்ராஸ்கோப், மாதிரியைப் பாதி பாதியாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர், மாதிரிக்கு 300 ஓடாவது எண்ணும் பொறுமை, இவ்வளவு போதும். எண்ணும் அளவுப் பிரிவை, 125 மைக்ரானுக்கு மேலா 150-க்கு மேலா என்று, தொடக்கத்திலேயே முடிவு செய்து கடைசிவரை மாற்றாமல் இருக்க வேண்டும். சிறிய ஓடுகளைச் சேர்த்த பட்டியலையும் சேர்க்காத பட்டியலையும் ஒப்பிட முடியாது.

ஆனால் நம் தண்டு இருப்பது வங்கக் கடலில். அங்கே ஆற்று நன்னீர் மூடிபோல மேலே கிடப்பதால் ஆழ்நீர் ஏறுவது பலவீனம். புல்லாய்டிஸ் சதவீதமும் குறைவு. குறைந்த எண்ணிக்கையில் வரும் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் எண்ணல் பிழைதான். அரபிக் கடலிலும் எல்லா இடத்திலும் இது செல்லாது. பாகிஸ்தான் கரைப் பக்கம் குளிர்காலக் காற்றில் மேல்நீர் கலங்கியும் உயிர்ப்பெருக்கம் வருவதால், அங்கே புல்லாய்டிஸ் கூடினால் அது கோடைக் காற்றா குளிர்காலக் கலங்கலா என்று பிரிக்க வழியில்லை.

காற்றை மழையாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. அரபிக் கடல் சான்றுகளைத் தொகுத்தபோது, பூமியின் அச்சு தலைசுற்றும் 23,000 ஆண்டுச் சுழற்சியில் கோடை வெயிலின் உச்சத்துக்குச் சுமார் 8,000 ஆண்டு பிந்தித்தான் பருவக்காற்றின் உச்சம் வந்தது. மழைநீரில் வளரும் சீனக் குகைச் சுண்ணாம்பு விழுதுகளோ ஏறக்குறைய 3,000 ஆண்டுதான் பிந்தின. இந்த இடைவெளி பல ஆண்டு வாதத்தைக் கிளப்பியது. அதனால்தான் மழைக்கும் வெள்ளத்துக்கும் நேரடிச் சான்று வேண்டுமென்று, 2014 நவம்பர் முதல் 2015 ஜனவரி வரை ஓ.டி.பி.யின் வாரிசுத் திட்டமான ஐ.ஓ.டி.பி.யின் 353-ஆம் பயணம் வங்கக் கடலுக்கும் அந்தமான் கடலுக்கும் போனது. மகாநதிப் படுகைக்கு வெளியே யூ1446 உள்ளிட்ட தளங்களைத் துளைத்தது.

மேல்நீரின் உப்பைக் காட்டும் சான்று: ரூபர் ஓட்டின் இரட்டை அளவீடு

வங்கக் கடலுக்கு முதல் தெரிவு இதுதான் என்பது எங்கள் கட்சி. குளோபிஜெரினாய்டிஸ் ரூபர் என்ற வெள்ளை ஓட்டு இனம் மேல்நீரில் வாழ்கிறது. அதன் ஓட்டில் உள்ள ஆக்சிஜன்-18 (கனமான ஆக்சிஜன் ஐசோடோப்பு) விகிதம் மூன்றின் கலவை: நீரின் வெப்பநிலை, துருவப் பனியின் கன அளவு, நீரின் சொந்த ஐசோடோப்பு விகிதம். மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது, ஏனெனில் ஆற்று நீர் கடல் நீரைவிட ஆக்சிஜன்-18 குறைந்தது. வெப்பநிலையை அதே ஓடுகளின் மக்னீசியம்-கால்சியம் விகிதத்திலிருந்து எடுத்துக் கழிக்கிறோம். பனிக்கு, பனியுக உச்சத்தில் சுமார் 1‰ (ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று உலகளாவிய வளைவிலிருந்து கழிக்கிறோம். மிச்சம் நிற்பது மேல்நீரின் ஐசோடோப்பு விகிதம்.

கணக்கு எளிது. பரவலாகப் பயன்படும் சமன்பாட்டில் மக்னீசியம்-கால்சியம் = 0.38 × இயல் மடக்கையின் அடி எண் e-யின் அடுக்கு (0.09 × வெப்பநிலை). 26 டிகிரியில் 3.9 மில்லிமோல்/மோல், 28 டிகிரியில் 4.7. டிகிரிக்கு 9 சதவீதம். ஆய்வகத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் இந்த 9 சதவீதம்தான்.

ஓடு தேர்வு: 250 முதல் 355 மைக்ரான் பிரிவில் மட்டும். ரூபரில் இரு உருவங்கள் உண்டு. உருண்டை அறைகள் சீராக அமைந்தது மேலே வாழ்வது, அறைகள் அமுங்கி நெருங்கியது சற்று ஆழம் போவது. இரண்டையும் கலந்தால் ஒரு தண்டுக்குள்ளேயே வாழ்விட ஆழம் மாறிய மாதிரி பொய்ச் சைகை வரும். மக்னீசியத்துக்கு 40 முதல் 60 ஓடு, ஐசோடோப்புக்கு 10 முதல் 15. எல்லாவற்றையும் ஒன்றாகவே பொறுக்கி, இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையில் மெல்ல உடைத்து, கலந்து, பிறகு பங்கு பிரிப்பது நல்லது. அப்போதுதான் இரண்டு அளவும் ஒரே கூட்டத்தைப் பேசும்.

சுத்தம் செய்தல்: கோதாவரி, மகாநதி வண்டல் களிமண் நிறைந்தது; களிமண்ணில் மக்னீசியம் மிகுதி. காய்ச்சி வடித்த நீரிலும் பிறகு மெத்தனாலிலும் அல்ட்ராசோனிக் தொட்டியில் பலமுறை அலசி, ஒவ்வொரு முறையும் மிதக்கும் களிமண்ணை உறிஞ்சி எறிய வேண்டும். பிறகு காரத்தில் கலந்த ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு உயிர்ப்பொருள் நீக்கம். கடைசியாக மிக நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் நொடிக்கணக்கில் ஓர் அலசல். இந்தப் பாதையில் எடையில் பாதிவரை போய்விடும் என்று கணக்கிட்டே ஓடு பொறுக்க வேண்டும். ஹைட்ரசீன் கொண்டு மாங்கனீசுப் பூச்சை நீக்கும் படியைச் சேர்த்தால் மக்னீசியம் சுமார் 10 சதவீதம் இறங்கும், அதாவது ஒரு டிகிரிக்கும் மேல். அதைச் செய்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் பாதி மாதிரிக்குச் செய்து பாதிக்கு விட்டால் தண்டே வீண். ஒவ்வொரு ஓட்டத்திலும் இரும்பு, அலுமினியம், மாங்கனீசையும் அளந்து, இரும்பு-மக்னீசியம் விகிதம் 0.1 மோல்/மோலைத் தாண்டிய மாதிரியைத் தயங்காமல் தள்ளுங்கள்.

கரைதல்: ஆழம் கூடக் கூட ஓட்டின் மக்னீசியம் மிகுந்த பகுதி முதலில் கரைந்து போகும், வெப்பநிலை குறைவாகத் தெரியும். சரிவில் 1,500 மீட்டருக்குள் எடுத்த தண்டைத் தேர்வதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், கங்கை-பிரம்மபுத்திரா வண்டல் ஆழ்கடலில் விசிறிபோல் பரந்த பகுதியைத் தவிர்ப்பது. வங்க விசிறியின் கால்வாய்களில் சேற்று ஓட்டங்கள் ஆயிரம் ஆண்டு வண்டலை ஒரே நாளில் கொட்டிவிடும்.

இனி அதிகம் பேசப்படாத சிக்கல். உப்புத்தன்மை ஓர் அலகு கூடினால் ஓட்டில் மக்னீசியம் தானாகவே 3 முதல் 4 சதவீதம் கூடுகிறது. பனியுக உச்சத்தில் வங்கக் கடலின் வடபகுதி இன்றைவிட 3 அலகு உப்பாக இருந்ததாக வைத்துக்கொள்வோம். மக்னீசியம் 10 சதவீதம் கூடி, வெப்பநிலை ஒரு டிகிரிக்கும் மேல் அதிகமாகத் தெரியும். அந்தப் பொய் வெப்பத்தை ஐசோடோப்பிலிருந்து கழித்தால் நீரின் விகிதமும் சுமார் 0.2‰ கூடுதலாகும், அதாவது உப்பு இன்னும் கூடியதாகத் தெரியும். பிழை தன்னைத்தானே ஊதிப் பெருக்குகிறது, அதுவும் நாம் எதிர்பார்க்கும் பக்கத்திலேயே. எதிர்பார்த்த விடை வந்ததென்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். உப்பையும் வெப்பத்தையும் சேர்த்தே தீர்க்கும் புதிய சமன்பாடுகளைப் பயன்படுத்துங்கள். பழைய சமன்பாட்டின் விடையையும் பக்கத்திலேயே வெளியிடுங்கள்.

மொத்தப் பிழை எவ்வளவு? வெப்பநிலையில் 1 டிகிரி என்றால் 0.2‰ அங்கேயே போய்விட்டது. கருவிப் பிழையையும் பனித் திருத்தத்தையும் சேர்த்தால் 0.25‰ வரும். வங்கக் கடலில் உப்பின் ஓர் அலகுக்கு ஐசோடோப்பு மாற்றம் சுமார் 0.2‰. ஆக உப்பில் ஓர் அலகுக்கும் குறைவான மாற்றத்தை ஒரு மாதிரியை வைத்துச் சொல்ல முடியாது. பனியுகத்துக்கும் ஹோலோசீனுக்கும் உள்ள வேறுபாடு இதில் தெளிவாகத் தெரியும். கடைசி 2,000 ஆண்டின் சிறு வறட்சிகளைத் தேடுகிறவர் இதில் நேரத்தை விரயம் செய்ய வேண்டாம். ஓர் அலகுக்கு 0.2 என்ற அந்தச் சாய்வும் கடந்த காலத்தில் மாறியிருக்கும், மழை மேகம் கிளம்பும் இடம் மாறினால் ஆற்று நீரின் விகிதமும் மாறும். ஆகவே வரைபடத்தில் நீரின் ஐசோடோப்பு விகிதத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. உப்பு அலகாக மாற்றிப் போடுவது அழகுக்கு மட்டும்.

மக்னீசியம் அளந்த அதே கரைசலில் பேரியத்தையும் அளக்கலாம். ஆற்று நீர் பேரியம் மிக்கது. வெப்பநிலைத் திருத்தம் தேவையில்லை. ஐ.சி.பி. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கிடைத்தால் ஏறக்குறைய இலவச இணைப்பு. ஓட்டில் ஒட்டிய பேரைட் (பேரியம் சல்ஃபேட்) துகள் ஒன்று போதும் எண் தலைகீழாக, அதனால் அதை நீக்கும் டி.டி.பி.ஏ. என்ற வேதிக் கரைசலில் கழுவலைச் சேர்க்க வேண்டும்.

நிலத்து மழையைக் காட்டும் சான்று: இலை மெழுகு

செடிகள் இலை மேல் பூசும் மெழுகு ஆற்றோடு கடலுக்கு வருகிறது. அதன் ஹைட்ரஜன் ஐசோடோப்பு மழைநீரின் விகிதத்தைத் தாங்குகிறது. கார்பன் ஐசோடோப்பு மரங்களா வறட்சி தாங்கும் புற்களா என்று சொல்கிறது. 2006-இல் இந்திய வாயு ஹைட்ரேட் திட்டத்தின் முதல் பயணத்தில் கோதாவரிக்கு வெளியே துளைத்த 16-ஆம் தளத்தில், மத்திய இந்தியாவில் சுமார் 4,000 ஆண்டு முன்பிருந்து 1,700 ஆண்டு முன்வரை படிப்படியாக வறட்சிச் செடிகள் கூடியது இலை மெழுகில்தான் தெளிவாகத் தெரிந்தது. கடல் உப்பு வழியாகப் போயிருந்தால் அது 0.25‰ பிழைக்குள் மூழ்கியிருக்கும்.

செலவு வேறு ரகம். 5 முதல் 10 கிராம் வண்டலை உறைநிலையில் உலர்த்தி, டைக்குளோரோமீத்தேன்-மெத்தனால் 9:1 கலவையில் பிரித்தெடுத்து, சிலிக்கா ஜெல் தூணில் பிரித்து, கொழுப்பு அமிலங்களை மெத்தில் எஸ்டராக்கி, கேஸ் குரோமட்டோகிராஃபியோடு இணைத்த ஐசோடோப்பு கருவியில் ஓட்ட வேண்டும். மெத்தில் ஏற்றும்போது சேரும் ஹைட்ரஜனுக்கு, விகிதம் தெரிந்த ஃப்தாலிக் அமிலத்தை அதே மெத்தனாலில் ஓட்டித் திருத்த வேண்டும்; புதிய மெத்தனால் புட்டி திறந்தால் மறுபடியும். வாரத்துக்குப் பத்துப் பதினைந்து மாதிரி முடிந்தால் நல்ல வேகம்.

கெடுவது எங்கே? பிளாஸ்டிக். மாதிரியை ஜிப் பையில் போட்ட அன்றே வேலை முடிந்தது. 450 டிகிரியில் சுட்ட அலுமினியத் தாளிலும் கண்ணாடியிலும் மட்டும் வையுங்கள், பி.வி.சி. குழாயை ஒட்டிய 1 செ.மீ. விளிம்பைத் தொடாதீர்கள். அடுத்து, கிருஷ்ணா-கோதாவரி எண்ணெய்-எரிவாயுப் படுகை. மெழுகின் இன்னொரு பகுதியான ஆல்க்கேன்களில் ஒற்றை எண் கார்பன் சங்கிலிகள் இரட்டை எண் சங்கிலிகளைவிட எவ்வளவு மிகுதி என்று முதலில் பாருங்கள். மூன்றுக்கு மேல் இருந்தால் செடி, ஒன்றை நெருங்கினால் பெட்ரோலியம் கலந்திருக்கலாம். அங்கே ஆல்க்கேனைவிடக் கொழுப்பு அமிலங்கள் பாதுகாப்பு.

கருவி தீர்க்காத சந்தேகமும் உண்டு. மெழுகு மண்ணிலும் சமவெளியிலும் நூற்றாண்டுக் கணக்கில் தங்கிவிட்டுத்தான் கடலுக்கு வரும், கங்கை போன்ற பெரிய ஆற்றில் இன்னும் அதிகம். ஆகவே திடீர் மாற்றத்தின் தேதியை மெழுகிலிருந்து எடுக்காதீர்கள். அளவை எடுங்கள், தேதியை ஓடுகளிலிருந்து எடுங்கள்.

விரைவான எக்ஸ்-கதிர் அலசல்

எக்ஸ்-கதிர் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். ஸ்கேனர் பிளந்த தண்டை வெட்டாமலே டைட்டானியம், இரும்பு, கால்சியம் என்று ஒன்றிரண்டு நாளில் மில்லிமீட்டர் வாரியாகக் கொடுத்துவிடும். டைட்டானியம் நிலத்து மண்ணிலிருந்தும் கால்சியம் கடல் ஓடுகளிலிருந்தும் வருவதால், டைட்டானியம்-கால்சியம் விகிதம் ஏறினால் ஆறு அதிகம் கொண்டுவந்தது என்பார்கள். பனியுக உச்சத்தில் இது ஏமாற்றும். கடல்மட்டம் 120 மீட்டருக்கும் மேல் இறங்கியிருந்ததால் ஆற்று முகம் சரிவின் விளிம்புக்கே வந்து, மழை குறைந்தபோதும் களிமண் நேரே தண்டின் மேல் கொட்டியிருக்கும். மழையாகப் படிக்கவே கூடாது என்றில்லை; கடல்மட்டம் நிலைத்த கடைசி 7,000 ஆண்டுக்குள் படிக்கலாம்.

தண்டு குளிர்பதன அறையிலிருந்து வந்தவுடன் ஓட்டாதீர்கள். மேற்பரப்பின் படலத்துக்கடியில் நீர் வியர்த்து அலுமினியம், சிலிக்கான் சைகையை விழுங்கும். அறை வெப்பத்துக்கு வந்தபின் சுரண்டி, 4 மைக்ரான் படலத்தைக் காற்றுக் குமிழி இன்றி ஒட்டி, இலகு தனிமங்களுக்கு 10 கிலோவோல்ட், ருபிடியம், ஸ்ட்ரான்ஷியம், சிர்க்கோனியத்துக்கு 30 என்று இருமுறை ஓட்டுங்கள். எண்ணிக்கையை அப்படியே வரையாமல் விகிதத்தின் மடக்கையாக வரையுங்கள். எதற்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும், ஆனால் விடைக்காக அல்ல: சேற்று ஓட்ட அடுக்கு எங்கே, எங்கே துண்டு எடுப்பது என்று தெரிந்துகொள்ள.

மேல்நீர் வெப்பத்தைக் காட்டும் கடற்பாசிக் கொழுப்பான அல்க்கீனோன் பற்றி ஒரு வரி போதும். அதன் குறியீடு 28.5 டிகிரி அருகே ஒன்றைத் தொட்டு நின்றுவிடும். வங்கக் கடலின் ஹோலோசீன் வெப்பநிலையே அங்கேதான். ஓமான் கரைக்குச் சரி, இங்கே வேண்டாம்.

தேதிக்கு ஒதுக்காமல் எதையும் தொடாதீர்கள்

ரேடியோகார்பன் தேதி ஒன்றுக்கு 5 மி.கி. ஓடு என்றால், ரூபர் ஓடு ஒன்று சுமார் 11 மைக்ரோகிராம். 450 ஓடு வேண்டும். ஆற்று வண்டல் ஓட்டை நீர்த்துப்போகச் செய்யும் சரிவில் 10 கிராமில் இவ்வளவு கிடைக்காது. இரண்டு மூன்று செ.மீ. சேர்ப்பதோ பிற மேல்நீர் இனங்களைக் கலப்பதோ தவிர்க்க முடியாததாகும்; சில ஆய்வகங்களில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவிலேயே வாயு முறையில் அளக்கிறார்கள். இந்தியாவில் புது தில்லியின் இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரில் இதற்கான ஏ.எம்.எஸ். (முடுக்கி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) வசதி உண்டு. 20,000 ஆண்டுத் தண்டுக்கு 10 தேதிக்குக் குறைந்தால் மேலே சொன்ன நுணுக்கங்கள் அனைத்தும் அலங்காரம்.

திருத்த வளைவில் கவனம். ரேடியோகார்பன் வயதை நாள்காட்டி வயதாக்கும் மரைன்20 வளைவின் சராசரி நீர்த்தேக்க வயது (கடல்நீரின் கார்பன் காற்றின் கார்பனைவிடப் பழையதாகத் தெரியும் அளவு) முந்தைய மரைன்13-ஐவிட ஏறக்குறைய 150 ஆண்டு அதிகம். பழைய கட்டுரையில் உள்ள வட்டாரத் திருத்த எண்ணை எடுத்துப் புதிய வளைவில் போட்டால் அந்த 150 ஆண்டு இரண்டு முறை கழியும். ரேடியோகார்பன் எட்டாத 45,000 ஆண்டுக்கு அப்பால் போகும் தண்டு என்றால், சுமார் 74,000 ஆண்டு முன் வெடித்த சுமத்ராவின் தோபா எரிமலையின் கண்ணாடித் துகள்களைத் தேடுங்கள், அதுவே ஆணி.

கிராவிட்டி கோரின் மேல் சில டெசிமீட்டர் காணாமல் போயிருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அதே இடத்தில், மேற்பரப்பு கலையாமல் எடுக்கும் பெட்டிக் கோரோ மல்டிகோரோ எடுக்காமல் வரைபடத்தின் மேல்முனையை இன்றைய ஆண்டாக வைக்காதீர்கள். புழுக்கள் சுமார் 10 செ.மீ. வரை கிளறுவதால், ஆயிரம் ஆண்டுக்கு 25 செ.மீ. படியும் இடத்தில் 400 ஆண்டுக்கும் குறைந்த சைகை மங்கும். 1 செ.மீ.க்கு ஒரு மாதிரி வீண் செலவு. முதல் சுற்றில் 4 செ.மீ.க்கு ஒன்று, 125 மாதிரி. மாற்றம் தெரியும் இடத்தில் மட்டும் 2 செ.மீ.க்கு இறங்குங்கள்.

ஆக, பங்கீடு

25 கிராமைச் சமைக்கும் வரிசை இது. முதலில் ஸ்கேனர். பிறகு உறைநிலை உலர்த்தல். அடுப்பில் காயவைத்தால் மெழுகு போச்சு. 8 கிராமைக் கண்ணாடியில் மெழுகுக்கு ஒதுக்கி, 12 கிராமைச் சல்லடைக்குக் கொடுத்து, மீதியை இருப்பாக வையுங்கள். சல்லடையை மாதிரிக்கு மாதிரி மெத்திலீன் நீலத்தில் முக்குங்கள். முந்தைய மாதிரியின் ஒட்டிய ஓடு நீலமாகத் தெரியும். 125 மாதிரிக்கும் ரூபர் இரட்டை அளவீடு, 10 முதல் 12 தேதி, 30 மாதிரிக்கு மட்டும் மெழுகு. அந்த முப்பதை இரட்டை அளவீடு முடிந்தபின் அதன் வளைவைப் பார்த்துத் தேர்வது நல்லது. கோதாவரிக்கு வெளியே இருந்து, கேள்வி கடைசி 5,000 ஆண்டு வறட்சி என்றால் இந்த எண்களைப் புரட்டிப்போடுங்கள்: மெழுகு 80, ஓடு 40.

தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழைதான் கேள்வி என்றால் வரிசை இன்னும் மாறும். சோழமண்டலக் கரைக்கு வெளியே எடுத்த தண்டில் உப்பு குறைந்ததாகத் தெரிந்தால் உடனே உள்ளூர் மழை என்று எண்ணத் தோன்றும். ஆனால் அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை கிழக்கு இந்தியக் கடலோர நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்பி, கங்கை-பிரம்மபுத்திரா நன்னீரைச் சென்னை, நாகப்பட்டினம் வழியாக இலங்கையைச் சுற்றி அரபிக் கடல்வரை தள்ளுகிறது. அந்த ஓடு பேசுவது கங்கை-பிரம்மபுத்திரா படுகையின் கோடை மழையைத்தான். காவிரி வண்டலில் மெழுகு எடுத்தாலும் அந்த ஆற்றுத் தண்ணீரின் பெரும்பகுதி குடகு உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்மேற்கு மழை. இங்கே ஓட்டு உப்புக்குப் பணம் போடாமல், வடகிழக்கு மழையையே நம்பிய கரையோரச் சமவெளியிலிருந்து வரும் வண்டல் எங்கே படிகிறது என்று களிமண் கனிமங்களை வைத்து முதலில் கண்டுபிடித்து, அந்த இடத்துத் தண்டில் மெழுகிலிருந்து தொடங்குங்கள்.